கடல் தாண்டும் கட்டணம்

அந்தமானின் டெலானிபூர்ப் பிள்ளைகளுக்கு ஜவஹர்லால் நேரு ராஜ்கீய மகாவித்யாலயா உள்ளூர்க் கல்லூரி. அது நெடுங்காலமாக இணைப்புப் பெற்ற பல்கலைக்கழகமோ வங்காள விரிகுடாவுக்கு அக்கரையில், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், புதுச்சேரியில். 1985-இல் பிறந்த அந்த மத்தியப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் புதுச்சேரி, அந்தமான் நிக்கோபார், லட்சத்தீவு மூன்றும் அடக்கம். சோழர் கடற்படைக்குப் பிறகு இத்தனை கடலை ஆண்டவர் பதிவாளர்தான்.

மாணவர் சென்னைக்குக் கப்பலேறினால் சுமார் மூன்று நாள். தேர்வுக் கட்டணத்துக்குக் கடல் மயக்கமே கிடையாது. ஒரே நொடியில் கரை சேரும்.

பொதுவாக, நம் நாட்டுக் கல்லூரி ரசீது எதுவானாலும் நூலகம், ஆய்வகம், விளையாட்டு, இதரம் என்று பட்டியல் நீளும். இவற்றில் 'இதரம்' மட்டும் பேராசிரியரும் பாடத்திட்டமும் இல்லாமலே செழிக்கும் துறை. வளர்ச்சி நிதியோ தாத்தா நட்ட புளியமரம். இன்று கட்டுபவரின் பேரன் நிழலில் உட்காருவான்.

மைதானத்துக்கும் மின்விளக்குக்கும் யாரோ கொடுத்துத்தான் ஆக வேண்டும், மறுக்கவில்லை. கொடுத்த காசு எங்கே போனது என்று ரசீதின் பின்பக்கம் அச்சிடலாமே? அங்கே இடம் நிறையவே இருக்கிறது.