பார்க்கிற படிப்பு

எடுவார் மனே 1882இல் தீட்டிய 'ஃபோலி பெர்ஜேர் மதுக்கூடம்' ஓவியத்தின் இடப்பக்க மேல்மூலையில் பச்சைச் சப்பாத்துப் போட்ட இரண்டு கால்கள் தொங்கும். அந்தரத்தில் வித்தை காட்டுகிறவரின் கால்கள் அவை. ஆளின் மிச்சம் சட்டத்துக்கு வெளியே. இதே ஓவியத்தைக் கைமாறிக் கைமாறி வந்த போட்டோக் கொப்பியில் படிக்கிற யாழ்ப்பாணத்து மருதனார்மடப் பிள்ளைக்குக் காலும் இல்லை, பச்சையும் இல்லை. மூலையில் ஒரு கறுப்புத் திட்டு மட்டும் இருக்கும். மெஷினில் ஏதோ கோளாறு என்று நினைத்துப் பிள்ளை பக்கத்தைப் புரட்டிவிடும்.

லண்டன் கோர்ட்டோல்ட் நிறுவனத்தில் படிக்கிறவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. செயற்கைப் பட்டில் பணம் சேர்த்த சாமுவேல் கோர்ட்டோல்ட், வேறு இருவருடன் சேர்ந்து 1932இல் தொடங்கிய கலை வரலாற்று நிறுவனம் அது. அதற்கென்றே சொந்தமாகக் காட்சிக்கூடம் உண்டு. மனேயின் அசல் அங்கேதான் தொங்குகிறது. கிட்டப் போனால், இடது ஓரத்துப் போத்தலின் லேபிளில் மனே கையெழுத்துப் போட்டிருப்பதும் தெரியும்.

அசல் பக்கத்தில் இருந்தால் எல்லாம் பிடிபட்டுவிடும் என்றும் இல்லை. அந்த நிறுவனத்தை 1947 முதல் 1974 வரை நடத்தியவர் அந்தனி பிளன்ட். அவர் சோவியத் உளவாளியாக இருந்தவர் என்பதை 1979இல் பிரதமர் தாட்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். அசல் எது, போலி எது என்று தூரிகைத் தடம்வரை உற்றுப் பார்த்துப் பழகிய மாணவர்கள், இயக்குநரை உற்றுப் பார்க்க மறந்துவிட்டார்கள்.

மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கிய இராமநாதன் நுண்கலைக் கழகம், 1975இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தோடு சேர்ந்தது. இன்று அது சேர் பொன். இராமநாதன் பெயர் தாங்கிய பீடம். ஒரு பக்கம் மிருதங்கம், மறுபக்கம் சலங்கை. இடையில் இருந்து சித்திரம் படிக்கிறவர் தாளம் தப்பாமல் கோடு போட வேண்டும். பெரிய அளவில் கலை பார்க்க வேண்டுமென்றால் ஊரிலேயே 72 அடி ஆஞ்சநேயர் நிற்கிறார். டிக்கெட் இல்லை. பஸ்ஸில் இருந்தபடியே பார்க்கலாம்.

பிள்ளைக்குச் சிக்கல் வீட்டில்தான்.

"படம் கீறிப் படிக்கிறியோ?"

"கலை வரலாறும் இருக்குப் பெரியம்மா. அதுக்குக் கீறத் தேவையில்லை, பாக்கிறதுதான்."

"பாக்கிறதுக்கும் கம்பசோ?"

இதற்கு விடை இராமநாதன் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. அவருடைய தாய்மாமன் முத்துக் குமாரசுவாமி. மாமன் மகன், அதாவது மச்சான், ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பில் பிறந்து, லண்டனில் நிலவியல் படித்து, இலங்கையின் கனிம ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர். கல்லைத் தேடி ஊர் ஊராகப் போனவரின் கண், கல்லை விட்டுக் கைவினைஞரின் பக்கம் திரும்பியது. 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிப் பெரிய நூல் எழுதினார். 1917இல் பொஸ்டன் நுண்கலை அரும்பொருட்சாலையில் இந்தியக் கலைப் பகுதிக்குப் பொறுப்பேற்று, 1947இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். பார்ப்பதற்கும் பார்த்ததை எழுதுவதற்கும் முப்பது வருசம் சம்பளம்!

பிள்ளை இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தது. பெரியம்மா ஒரு சொல்லும் விடாமல் கேட்டார்.

"அவர் முதல் சயன்ஸ் எல்லே படிச்சவர்?" என்றார்.