வாசலில் சிலுவை இருந்தால் போதுமா?

பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து தபாலில் வருவதெல்லாம் ஒரே கேள்விதான். ஆகவே இந்த இதழ்ப் பதில்கள் முழுவதும் கல்லூரிக்கே.

கேள்வி: மகளைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்த்தால்தான் விசுவாசத்தில் நிலைத்திருப்பாள் என்கிறார் எங்கள் பாஸ்டர். உண்மையா? (ஒரு தாய், நாசரேத்)

பதில்: பாஸ்டரின் அக்கறை உண்மை, கணக்குத்தான் தவறு. நம் ஊர்க் கிறிஸ்தவக் கல்லூரிகள் விசுவாசிகளின் பிள்ளைகளை அடைகாக்கத் தொடங்கியவை அல்ல. 1862-இல் சென்னைக்கு வந்து மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியை வளர்த்தெடுத்த வில்லியம் மில்லரின் வகுப்புகளில் பெரும்பாலோர் இந்து மாணவர்கள். எத்தனை பேர் மதம் மாறினார்கள் என்று அவர் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. கிறிஸ்தவ எண்ணங்கள் அவர்கள் சிந்தனையில் பரவினால் போதும் என்று வெளிப்படையாகவே சொன்னவர்.

தத்துவ அறிஞர் ராதாகிருஷ்ணன் வேலூர் ஊரிசுக் கல்லூரியிலும் பிறகு அதே மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தவர். இந்து சமயத்தைப் பற்றி மிஷனரி ஆசிரியர்கள் வைத்த விமர்சனம்தான் தம்மை அதற்குள் ஆழமாக இறங்கவைத்தது என்று அவரே எழுதியிருக்கிறார். வேதாந்தத்தின் அறநெறி பற்றி அவர் எழுதிய ஆய்வேடு 1908-இல் வெளிவந்தது. அதைப் பாராட்டியவர் ஏ.ஜி. ஹாக் என்ற மிஷனரிப் பேராசிரியர்! ராமேஸ்வரத்து அப்துல் கலாம் இயற்பியல் படித்ததும் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில்தான்.

இந்தப் பெருந்தன்மைதான் அக்கல்லூரிகளின் பெருமை. மனதார மதிக்கிறேன். ஆனால், இந்து மாணவர் ஒருவரை இன்னும் ஆழமான இந்துவாக்கி அனுப்பிய வகுப்பறை உங்கள் மகளின் விசுவாசத்துக்கு மட்டும் தானாகக் காவல் நிற்குமா? பாடம், ஆசிரியர், கட்டணம் இவற்றைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள். அங்கே யாரோடு சேர்ந்து ஜெபிப்பாள் என்பதை அவளோடு உட்கார்ந்து தனியாகப் பேசுங்கள்.

கேள்வி: கிறிஸ்தவக் கல்லூரி என்றால் ஜெபமும் வேதபாடமும் இருக்குமே? (ஒரு தந்தை, தூத்துக்குடி)

பதில்: இருக்கும். ஆனால் அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற எந்த நிறுவனமும் ஒருவரை அவர் சம்மதமின்றி மதபோதனையிலோ வழிபாட்டிலோ உட்காரவைக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு. மணி அடிப்பது கல்லூரியின் வேலை. சாப்பலுக்குள் போவதா, கேன்டீனுக்குப் போவதா என்பது உங்கள் பிள்ளையின் முடிவு.

கேள்வி: கிறிஸ்தவக் கல்லூரியில் விலங்கியல் எடுத்தால் பரிணாமம் படிக்க வேண்டியிருக்காது அல்லவா? (பிளஸ் டூ மாணவி, மார்த்தாண்டம்)

பதில்: அங்கேயும் உண்டு. பட்டம் தருவது பல்கலைக்கழகம். நன்றாகப் படி, மதிப்பெண் வாங்கு, சந்தேகம் வந்தால் கேள்வி கேள்.

கேள்வி: அரசு கலைக் கல்லூரியில் எனக்குக் கணிதம் கிடைத்திருக்கிறது. அங்கே தனியாகிவிடுவேனோ என்று பயம். (மாணவன், திண்டுக்கல்)

பதில்: தம்பி, கணிதத்தை விடாதே. யூ.இ.எஸ்.ஐ. என்ற மாணவர் இயக்கம் 1954-இல் தொடங்கியதே உன்னைப் போன்றவர்களுக்காகத்தான். அதன் ஊர்க் குழுக்களை ‘இ.யூ.’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். வேதம் படிப்பதும் ஜெபம் நடத்துவதும் மாணவர்களே. பாஸ்டர் வந்து நடத்தட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. உன் ஊரில் இ.யூ. இருக்கிறதா என்று கல்லூரி திறப்பதற்கு முன்பே விசாரி. இல்லையென்றால் முதல் வாரத்திலேயே இன்னொரு விசுவாசியைத் தேடிப் பிடி. இரண்டு பேர் இருந்தால் தொடங்கிவிடலாம். வீட்டில் அம்மா எழுப்பி ஆராதனைக்குப் போன பிள்ளை, எழுப்ப ஆளில்லாத ஊரில் தானாக எழுந்து போவதைப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷம்.

கேள்வி: எங்கள் சாதிச் சான்றிதழில் ‘இந்து ஆதிதிராவிடர்’ என்றிருக்கிறது. கிறிஸ்தவக் கல்லூரியில் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கிறார்கள். இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா? (பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்)

பதில்: இந்த இக்கட்டில் உங்களை நிறுத்தியது சட்டம். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி உரிமை பெரும்பாலும் இந்துக்களுக்கே இருந்தது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களை இன்றுவரை சேர்க்கவில்லை. மதம் மாறினால் சாதிக் கொடுமை ஒழிந்துவிடுமா? சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் ஊர்களைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆகவே அந்தச் சாதிச் சான்றிதழை வாங்கிய உங்கள் வீட்டாரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனாலும் இரண்டு தாளையும் வைத்துக்கொள்ளாதீர்கள். கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு இந்துப் பட்டியல் சாதிச் சலுகை கேட்பது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கடுமையாகவே சொல்லிவிட்டது. இன்று சேர்க்கை கிடைக்கும், நாளை வேலை போகும். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். அரசுக் கல்லூரியில் அந்த 26.5 சதவீதத்தில் போட்டியிடலாம். சிறுபான்மைக் கல்லூரி தன் சமூகத்தாருக்குப் பாதி இடம் வரை ஒதுக்கலாம் என்று 1992-இல் செயின்ட் ஸ்டீபன்ஸ் வழக்கில் தீர்ப்பானது. அங்கேயும் விண்ணப்பியுங்கள். அந்தப் பாதியில் ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்கு எத்தனை இடம் என்று நிர்வாகத்தை எழுத்தில் கேளுங்கள். சபையும் உங்களோடு நின்று கேட்க வேண்டும்.

கேள்வி: கிறிஸ்தவக் கல்லூரியில் ஃபீஸ் குறைவுதானே? (ஒரு தாய், கரூர்)

பதில்: எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா என்று முதலில் கேளுங்கள். ஒரே கேட், ஒரே கட்டடம், காலை ஷிஃப்டுக்கு ஒரு கட்டணம், மாலை ஷிஃப்டுக்குப் பல மடங்கு என்றிருக்கும். எய்டட் வகுப்பில் ஆசிரியர் சம்பளம் அரசினுடையது, அதனால்தான் வித்தியாசம். மகள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உண்டு. வாசலில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று அத்திட்டம் பார்ப்பதில்லை.

கேள்வி: கிறிஸ்தவப் பெயர் உண்மையிலேயே வித்தியாசம் செய்யும் இடமே இல்லையா? (வாலிபர் ஐக்கியச் செயலர், வேலூர்)

பதில்: உங்கள் ஊரிலேயே இருக்கிறது! 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி. சபையின் ஸ்பான்சர்ஷிப்பில் அங்கே படிக்கும் மாணவர், முடித்தபின் மிஷன் மருத்துவமனையில் இரண்டு ஆண்டு வேலை செய்வதாக ஒப்புக்கொண்டுதான் சேர்கிறார். அந்த ஒப்பந்தத்தைப் பெரிதாக நினைக்கிற பிள்ளையை அனுப்புங்கள். எப்படித் தப்பிப்பது என்று இப்போதே விசாரிக்கிற பிள்ளைக்கு வேறு கல்லூரி பாருங்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் வைத்தால்? (மாணவி, ஈரோடு)

பதில்: விடியற்கால ஆராதனைக்குப் போய்விட்டு வகுப்புக்குப் போ. நேரம் இடித்தால் துறைத் தலைவரிடம் நேரில் சொல்லிப் பார். ஒளிந்து மட்டம் போடாதே.

கேள்வி: நாங்கள் மூவரும் ஒரே சபை. ஹாஸ்டலில் ஒரே அறை கேட்கலாமா, அக்கா? (மாணவி, பாளையங்கோட்டை)

பதில்: வேண்டாம் தங்கச்சி. வேறு மதத்துப் பெண்களோடு அறை எடு. நீ எதற்குக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாய் என்று அவர்கள் கேட்பார்கள். உன் சபையில் இதுவரை யாரும் உன்னிடம் அதைக் கேட்டதில்லை. அவர்கள் ஏன் வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறார்கள் என்று நீயும் கேள். உன் தோழிகள் இருவரும் பக்கத்து அறையில் இருந்தால் போதும். ராத்திரி ஒன்பது மணிக்கு மூவரும் சேர்ந்து ஜெபிக்கலாம், அறைத்தோழி படிக்கிற நேரமாக இருந்தால் வராந்தாவில்.