பின்பக்கம் மட்டும் பார்க்கும் பெருந்தகையீருக்கு

பெறுநர்: வாகனப் புகைக்கு விதி வகுக்கும் மேலிடம்
பொருள்: முன் சீட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கெட் குறித்து

மதிப்பிற்குரிய மேலிடத்தாருக்கு,

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115ஆம் விதிப்படி புகைப் பரிசோதனை செவ்வனே நடந்துவருகிறது. சைலன்சரின் வால் முனையில் குழாயைச் செருகுகிறார்கள், நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்கிறார்கள், சான்றிதழ் அச்சாகி வருகிறது. அது இல்லாதவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். வண்டியின் பின்புறத்துக்குக் கிடைக்கும் இந்த மரியாதையில் கொஞ்சத்தை முன்புறத்துக்கும் கேட்டே இந்தக் கடிதம்.

மாருதி ஆம்னி மேலிடம் அறியாததல்ல. 1984இல் வந்த வண்டி. 2019இல் உற்பத்தி நின்றது. சினிமாவில் கடத்தல்காரர்களுக்கும், நிஜத்தில் குலதெய்வம் கும்பிடப் போகும் குடும்பங்களுக்கும் உழைத்தது. அதன் 796 சிசி எஞ்சின் இருப்பது முன் சீட்டுக்கு அடியில்.

எஞ்சின் ஹெட்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் சேருமிடத்தில் புகை கசியாமல் காப்பது ஒரு மெல்லிய கேஸ்கெட். ஹெட் அலுமினியம், மேனிஃபோல்ட் பொதுவாக வார்ப்பிரும்பு. சூடேறினால் அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். இந்த இழுபறியில் வருடக்கணக்காக நசுங்கிய கேஸ்கெட் ஒருநாள் கைவிட்டுவிடுகிறது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று சத்தம் வரும். எஞ்சின் சூடானதும் உலோகம் விரிந்து சந்து அடைபட, சத்தம் அடங்கிவிடும். பரிசோதனை நிலையத்துக்கு வண்டி சூடாகத்தானே வந்து சேர்கிறது! போதாக்குறைக்கு, சந்து முழுதும் அடைபடாவிட்டால் அதன் வழியே வெளிக்காற்று உள்ளே புகுந்து புகையை நீர்க்கச் செய்வதும் உண்டு. ஓட்டை உள்ள வண்டிக்கு நல்ல மார்க்.

சீட்டுக்கு அடியில் கசியும் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். மழைக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும் அப்பத்தாவுக்குத் தலை சுற்றினால், "வெறும் வயித்தோட வந்தா இப்படித்தான்" என்று எலுமிச்சம்பழத்தை நீட்டுகிறார்கள்.

வைத்தியம் பட்டறைக்குத் தெரியும். எஞ்சின் ஆறியபின் துருப்பிடித்த நட்டுகளை எண்ணெயில் ஊறவைத்து, ஸ்டட் முறியாமல் கழற்ற வேண்டும். ஒட்டியிருக்கும் துணுக்குகளைச் சுரண்டி, மேனிஃபோல்டின் முகம் வளைந்திருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். வளைந்த முகத்தில் போட்ட புதுக் கேஸ்கெட் மறுபடியும் போகும். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு, படிப்படியாக, கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். எம்-சீலை அப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. மேனிஃபோல்டின் பல நூறு டிகிரி சூட்டில் அது நிற்காது. சான்றிதழ் கைக்கு வரும்வரை நின்றால் விதிக்குப் போதும்.

ஆகவே, பின்னால் குழாயைச் செருகுமுன் ஒரு தடவை முன் சீட்டைத் தூக்கிப் பார்க்கவும், மேனிஃபோல்ட் மூட்டில் கரிக்கோடு தெரிந்தால் சான்றிதழை நிறுத்திவைக்கவும் ஆணையிடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. அபராதத்தை உயர்த்த வேண்டியதில்லை.

இப்படிக்கு,
முன் சீட்டில் அமர்வோர்

இணைப்பு: செல்லத்தக்க புகைச் சான்றிதழ், நகல் 1, கரி படிந்த கேஸ்கெட், அசல் 1.