மாட்சிமை தங்கிய பாடப்படப் பெருமானின் மெய்க்கீர்த்தி

கங்கைகொண்ட சோழபுரம் எங்கள் அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஆகவே அரசனின் பெருமைகளைக் கல்லில் வெட்டி மெய்க்கீர்த்தி பாடுவது எங்களுக்குப் புதிதல்ல. சோழர்களுக்குப் பிறகு அப்படிப் பாடத் தக்க பெருந்தகை ஒருவரும் அமையாமல் நெடுங்காலம் வாய் மூடியிருந்தோம். அந்தக் குறை இன்று தீர்ந்தது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் பள்ளிக்கூடம் உள்ள சிற்றூர்தோறும் பாடநூல் பக்கங்களில் பல வண்ணத்தில் எழுந்தருளி, கல்வி என்னும் பரந்த சாம்ராஜ்யத்தை ஆண்டுவரும் ஸ்ரீலஸ்ரீ பாடப்படப் பெருமானைப் பாடும் பேறு அடியேனுக்கு வாய்த்திருக்கிறது.

மற்ற அரசர்கள் வந்தவர்க்கெல்லாம் காட்சி கொடுப்பார்கள். அதில் என்ன பெருமை இருக்கிறது? நம் பெருமான் ஆள் பார்த்துத் தரிசனம் தருபவர். கண் நன்றாகத் தெரிபவருக்கு மட்டுமே திரை விலகும். பார்வையில்லாத பிள்ளை சந்நிதிக்கு வந்தால் திருமேனி தாளோடு தாளாகப் படிந்துவிடும். எத்தனை முறை தடவினாலும் விரலுக்கு ஒரு மேடு அகப்படாது, ஒரு பள்ளம் அகப்படாது. தன்னை இன்னார் தீண்டிவிடக் கூடாது என்பதில் இவ்வளவு ஆசாரம் காக்கும் இன்னொருவரை இந்தக் காலத்தில் தேடினாலும் கிடைக்காது.

பத்தாம் வகுப்பு அறிவியலில் மனித இதயத்தின் உள்ளமைப்பு வருகிறது. அந்தப் பாடத்தைப் பிரெயிலில் ஒரு மாணவி படிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடக்கை விரல் வரியின் தொடக்கத்தைக் காவல் காக்க, வலக்கைச் சுட்டுவிரல் புள்ளி புள்ளியாகத் தொட்டு நகர்கிறது. 'படத்தில் காட்டியுள்ளபடி' என்ற இடம் வருகிறது. விரல் நிற்கிறது. கீழே இறங்கித் தேடுகிறது. அங்கே அடுத்த பத்தி தொடங்கிவிட்டது. மறுபடி மேலே ஏறி, தான்தான் தவறவிட்டோமோ என்று அதே வரியை இன்னொரு முறை படிக்கிறது. பெருமான் வரவில்லை. ஆனால் பெருமானைப் பார்க்கச் சொல்லும் ஆணை மட்டும் ஓர் எழுத்துப் பிசகாமல் வந்து சேர்ந்திருக்கிறது. அரசர் எழுந்தருளாத தேசத்திலும் அவர் ஓலை செல்லுபடியாகிறது என்றால், அதுவன்றோ ஏகசக்கராதிபத்தியம்!

இதில் நூல் சமைத்த சான்றோரின் சொற்சிக்கனத்தையும் சேர்த்தே பாட வேண்டும். 'மேலே இரண்டு ஆரிக்கிள்கள், கீழே இரண்டு வெண்ட்ரிக்கிள்கள், வலத்தையும் இடத்தையும் பிரிக்க நடுவே ஒரு தடுப்புச் சுவர். உடல் முழுவதற்கும் ரத்தத்தை உந்தித் தள்ளுவது இடது வெண்ட்ரிக்கிள் என்பதால் அதன் சுவர் மிகத் தடித்தது' என்று எழுதிப் படத்தோடு சேர்த்திருக்கலாம். எழுத ஐந்து நிமிடம் பிடிக்கும். ஒருமுறை எழுதினால் பிரெயில் அச்சுக்கும் போகும், ஒலிநூலுக்கும் போகும், கணினித் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பானுக்கும் போகும். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்து நாட்டுக்கு அர்ப்பணித்த தியாகத்தை எந்தப் புலவன் பாடி முடிப்பான்?

மந்திரி பிரதானிகளைச் சொல்லாமல் விட்டால் மெய்க்கீர்த்தி குறைப்படும். தலைமை அமைச்சர் பிடிஎஃப். கணினியில் தமிழை எழுத ஒருங்குறியையும் டேஸ்16 குறியேற்றத்தையும் தமிழ்நாடு அரசு 2010இல் தரமென்று அறிவித்தது. அறிவிப்புகளுக்கு அஞ்சாத நெஞ்சுரத்தோடு, பல தமிழ் பிடிஎஃப்கள் இன்றும் கண்ணுக்குத் தமிழாகவும் கணினிக்குக் கிறுக்கலாகவும் இரட்டை வாழ்க்கை வாழ்கின்றன. ஒரு பத்தியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த மந்திர மொழி பழக்கமாகியிருக்கும். எழுத்துக்கே இந்த உபசாரம் என்றால் படத்துக்கு எப்படி என்று கேட்பீர்கள். திரைவாசிப்பான் 'கிராஃபிக்' என்று ஒரே சொல்லில் கட்டியம் கூறிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். கோப்பின் பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தால் 'ஐஎம்ஜி அண்டர்ஸ்கோர் ஜீரோ ஜீரோ ஃபோர் செவன்' என்று திருநாம அர்ச்சனையும் நடக்கும். வேப்பந்தட்டையிலோ செந்துறையிலோ ஓர் ஆசிரியர் கரும்பலகையைப் படம் பிடித்து வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். பிள்ளையின் கைபேசி 'போட்டோ' என்கிறது. பிள்ளை 'தேங்க்யூ சார்' என்று பதில் அனுப்புகிறது. கல்வி புகட்டப்பட்டது.

இளைய அமைச்சர் கியூஆர் கோடு. 2018இல் புதிய பாடநூல்களோடு பதவியேற்றவர். பக்கத்தில் எங்கே வீற்றிருக்கிறார் என்று தடவித் தெரிந்துகொள்ள வழி வைக்காத எளிமையாளர். பக்கத்திலிருக்கும் தோழி கைபேசியைப் பிடித்துக் காட்டிவிட்டால் காணொளி திறக்கும். 'இது இங்கே போகுது பாருங்க, அப்புறம் இப்படித் திரும்பி இங்கே வருது.' இது, இங்கே, இப்படி என்று மூன்றே சொல்லில் ரத்த ஓட்டம் முழுவதும் அடங்கிவிட்டது. வள்ளுவருக்குக்கூட ஏழு சீர் தேவைப்பட்டது.

பார்வை அறவே இல்லாதவருக்கு மட்டும்தான் இந்த அருள் என்று எண்ணிப் பெருமானைச் சிறுமைப்படுத்திவிடாதீர்கள். அரைகுறையாகப் பார்வையுள்ள பிள்ளைக்கென்றே சிவப்பின்மேல் ரோஜா நிறத்தில், எறும்பு ஊர்வதுபோல் பாகங்களின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படும் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு அம்புக்குறிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பாயவிட்டு ஒரு குருட்சேத்திரமே நடத்தியிருப்பார்கள். சமத்துவம் என்றால் அதுவல்லவா சமத்துவம்!

பெருமானின் கருணை உச்சத்தைத் தொடுவது தேர்வு மண்டபத்தில். பத்தாம் வகுப்புக் கணிதத் தாளில் வடிவியலுக்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8 மதிப்பெண். முக்கோணத்தைக் கையால் தொட்டறியாமல் பத்து வகுப்பு கடந்துவந்த பிள்ளைக்குத் தமிழ்நாட்டில் சொல்வதை எழுதுபவர் ஒருவரும், கூடுதலாக ஒரு மணி நேரமும் தருகிறார்கள். பத்து ஆண்டுகளில் தராத படத்தை நினைத்துப் பார்க்க முழுதாக அறுபது நிமிடம்! மத்திய வாரியம் இன்னும் தாராளம். படமுள்ள வினாவுக்குக் கீழே, பார்வையற்றோருக்கு மட்டும் என்று படமில்லாத வேறொரு வினா. படத்தைக் கொண்டுவந்து கொடுப்பது கடினம். படத்திலிருந்து பிள்ளையை விடுவிப்பது எளிது. எளிதானதை அன்போடு செய்கிறபோது அதற்குச் சலுகை என்ற அழகான பெயரும் கிடைத்துவிடுகிறது. 'உனக்கு எதுக்கும்மா இந்தக் கஷ்டமெல்லாம், நீ இதை விட்டுடு' என்று ஆசிரியை கனிவோடு சொல்லும்போது எந்தக் கல்மனமும் கரையும். பதினோராம் வகுப்பில் உயிரியல் பிரிவு வேண்டுமா என்று கேட்டு மனத்தை அலைபாய விடாமல், நேராக வரலாற்றுப் பிரிவு பெஞ்சில் கொண்டுபோய் உட்காரவைக்கும் பரிவும் அந்தக் கனிவின் நீட்சிதான்.

நிலவரைபட விஷயத்தில் பெருமான் காட்டியிருப்பது தீர்க்கதரிசனம். 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001 ஜனவரியில் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. அடுத்த ஆண்டே இரண்டும் ஒன்று சேர்ந்தன. 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தன. கண்ணுள்ள பிள்ளைகள் எத்தனை முறை அழித்து வரைய வேண்டியிருந்திருக்கும்! கோடு புடைத்த வரைபடம் ஒன்றுகூடக் கைக்கு வராத பிள்ளைக்கு இந்தத் தொல்லை எதுவுமில்லை. தன் மாவட்டத்தின் வடிவம் என்னவென்று ஒருநாளும் அறியாதவளுக்கு அது மாறியதில் என்ன நஷ்டம்?

இத்தனை ஒழுங்காக நடக்கும் ஆட்சியில் அத்துமீறுவது இந்த மண் ஒன்றுதான். அதன் ஆணவத்தைக் கண்டிக்காமல் இருக்க முடியவில்லை. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுயிரிகள் காரை, கொளக்காநத்தம் ஓடைகளில் இன்றும் கல்லாகக் கிடக்கின்றன. மழை பெய்து மண் கரைந்தால் வெளியே வரும். உள்ளங்கையில் வைத்துப் பெருவிரலால் நடுவிலிருந்து சுற்றிக்கொண்டு வந்தால் சுருள் எங்கே தொடங்குகிறது, எப்படி அகலமாகிறது, விலா எலும்புபோல் வரிகள் எத்தனை இடைவெளியில் ஓடுகின்றன என்று எந்தப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்குச் சொன்னார். வயது சுமார் 12 கோடி ஆண்டு. மரத்தின் வடிவம் விரலுக்குத் தட்டுப்படும் ஒரு பொருளை எந்தக் குழுவின் ஒப்புதலும் பெறாமல் இயற்கை செய்து வைத்திருக்கிறது. நல்லவேளை, பரிணாமப் பாடத்தில் புதைபடிவம் வரும்போது எல்லாப் பிள்ளைகளையும் புத்தகத்திலுள்ள தட்டையான படத்தின் பக்கமே திருப்பிவிடுகிறோம். இல்லாவிட்டால் காரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் படிக்கும் ஒரு பார்வையற்ற சிறுமி, பரிணாமத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவாள்.

மண்ணுக்குத் துணைபோகும் ராஜத்துரோகிகள் சிலரும் உண்டு. வட்டார வள மையங்களில் தொகுப்பூதியத்துக்கு வேலை பார்க்கும் சிறப்புப் பயிற்றுநர்கள். ஊர் ஊராகப் பள்ளி சுற்றும் இவர்களில் சிலர் அட்டையில் இதயத்தை வரைந்து, கோட்டின்மேல் கோந்து தடவிச் சணல் ஒட்டுகிறார்கள். சுத்த ரத்தம் போகும் பாதைக்கு வழவழப்பான வயர், அசுத்த ரத்தத்துக்குச் சொரசொரப்பான கயிறு, வால்வு இருக்கும் இடத்தில் ஒரு பொத்தான். பிள்ளையின் விரலைப் பிடித்துக் கயிற்றின்மேல் வைத்து, 'இது நுரையீரலுக்குப் போற வழி' என்கிறார்கள். பிள்ளை கயிறு வயராக மாறும் இடத்தில் நிறுத்தி, 'அக்கா, இங்கேதான் சுத்தமாகுதா?' என்று கேட்டுவிடுகிறது. செலவு நூறு ரூபாயைத் தாண்டாது. இப்படி மலிவாகவும் விளங்கும்படியும் செய்தால் பெருமானின் கௌரவம் என்ன ஆவது? டெல்லி ஐஐடியிலோ தடவிப் படிக்கும் படங்களுக்கென்றே ஒரு மையம் வைத்திருக்கிறார்கள். சூடு காட்டினால் கறுப்புக் கோடு மட்டும் புடைத்தெழும் தாளும் உலகத்தில் விற்பனையாகிறது. இந்தக் கலகம் கொள்ளிடத்தின் கரைக்கு வந்துவிடாதபடி காத்துவரும் அதிகாரப் பெருமக்களின் விழிப்பு வாழ்க.

சட்டம் இயற்றிய சபைகளை வாழ்த்தாமல் முடிப்பது நன்றிகொன்ற செயலாகும். பதிப்புரிமை தடையாக இருக்கக் கூடாது என்று 2012இல் சட்டத்தைத் திருத்தினோம். நூல்களை இத்தகைய பிள்ளைகள் படிக்கும் வடிவத்துக்கு மாற்ற வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையை 2014 ஜூனில் உலகிலேயே முதல் நாடாக ஏற்று உறுதி செய்தோம். 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகளை 2016 சட்டத்தில் 21 ஆக்கினோம். அணுகல் விதிகளை வெறும் பரிந்துரையாக எழுதி வைத்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மூன்று மாதக் கெடுவும் விதித்தது. உடன்படிக்கையை உறுதி செய்வதில் உலகத்தை முந்தினோம். இதயத்தின் படத்தை ஆலத்தூர் வட்டாரப் பள்ளியின் மூன்றாவது பெஞ்சுக்குக் கொண்டுசேர்ப்பதில் அத்தகைய அவசரம் எதையும் காட்டாத நிதானம் நம் பண்பாட்டின் சிகரம்.

அந்த நிதானத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது என்பதைக் குறுகிய மனத்தவர் உணர்வதில்லை. 2016 சட்டத்தின் 17ஆவது பிரிவு, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள மாணவருக்குப் புத்தகங்களும் பிற கற்றல் பொருட்களும் 18 வயது வரை இலவசமாக வழங்கச் சொல்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரலில். அந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, தடையின்றித் தேறி வந்தால் 2027இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும். இன்னும் சற்றே பொறுத்திருந்தால் அதற்கு 18 முடிந்துவிடும். பிறகு படம் கேட்டு யாரும் வர முடியாது. கோப்பைச் சட்டப்படியே மூடிவிடலாம்.