பெட்டி பெட்டியாகக் கழற்றுங்கள்!

கேள்வி: மருத்துவச் சொற்கள் எல்லாம் ரயில் நீளத்துக்கு இருக்கின்றன. மனப்பாடம் செய்தே ஓய்ந்துவிட்டேன். ஏதாவது வழி உண்டா?
(நர்சிங் மாணவி, தஞ்சாவூர்)

பதில்: ரயில் என்றீர்களே, வழி அதிலேயே இருக்கிறது! பெட்டி பெட்டியாகக் கழற்றுங்கள். 'ஹைப்போகிளைசீமியா'வில் மூன்று பெட்டிகள், மூன்றுமே கிரேக்கம். 'ஹைப்போ' குறைவு, 'கிளைக்' இனிப்பு, 'ஈமியா' ரத்தம். ஆக, ரத்தத்தில் சர்க்கரை குறைவு. முதல் பெட்டியைக் கழற்றி 'ஹைப்பர்' மாட்டினால் சர்க்கரை அதிகம்.

கடைசிப் பெட்டியையும் விடாதீர்கள். 'ஐட்டிஸ்' வந்தால் அழற்சி. 'எக்டமி' வந்தால் வெட்டி எடுத்தல். அப்பெண்டிசைட்டிஸ் வந்தவருக்கு அப்பெண்டெக்டமி!

சிறுநீரகத்துக்கு 'ரீனல்' (லத்தீன்), 'நெஃப்ரைட்டிஸ்' (கிரேக்கம்) என்று இரண்டு வேர்கள் ஏன்? பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் வழிவந்தவர்கள் நோய்களைப் பற்றிக் கிரேக்கத்தில் எழுதினார்கள். 1543இல் உடற்கூறு அறிஞர் வெசாலியஸ் தன் உடற்கூறு நூலை லத்தீனில் அச்சிட்டார். அதனால் உறுப்புப் பெயர்களில் லத்தீனும் நோய்ப் பெயர்களில் கிரேக்கமும் ஓங்கி நிற்கின்றன.

தினம் ஐந்து வேர்கள் படியுங்கள், போதும். ஆனால் 'ஹைப்போ'வையும் 'ஹைப்பரை'யும் வார்டில் அரைக்காதில் வாங்காதீர்கள். ஒன்றுக்குக் குளுக்கோஸ், இன்னொன்றுக்கு இன்சுலின். மாறினால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து.