வில்லங்கம் ஏதுமில்லை

"கீழ்வீடு அப்ரூவல் சார். மேல்வீடு அட்ஜஸ்ட்மென்ட்" என்றார் புரோக்கர். சென்னைப் புறநகரில் ஆறு மாதம் வீடு தேடி அலைந்ததில் நான் கற்றுக்கொண்ட கட்டடக்கலை மொத்தமும் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும்.

பிளானில் தரைத்தளமும் ஒரு மாடியும் இருந்தன. நேரில் இரண்டு மாடி, அதற்கும் மேலே தகரக் கூரை போட்டு நான்கு பையன்களுக்கு வாடகைக்கு விட்ட ஓர் அறை. பிளானில் கார் நிற்குமிடத்தில் ஷட்டர் போட்ட ஜெராக்ஸ் கடை. பக்கவாட்டில் காலியாக விட வேண்டிய இடத்தில் அடுக்களை நீண்டு போய்ப் பக்கத்து வீட்டு ஜன்னலை முட்டி நின்றது. இவர்கள் தாளித்தால் அவர்கள் தும்ம வேண்டும். "நல்ல காற்றோட்டம்" என்றார் வீட்டுக்காரர். எந்தக் காற்று, எதன் வழியாக ஓடுகிறது என்று நான் கேட்கவில்லை.

வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்த்தேன். கடன் இல்லை, அடமானம் இல்லை, வில்லங்கம் ஏதுமில்லை. மூன்று தளத்துக்கு நெடுக நிற்கும் வில்லங்கம் அந்தக் காகிதத்துக்குத் தெரியாது. பத்திரத்தில் பதிவானது மட்டும்தான் அதற்குத் தெரியும், பாவம்.

காகிதத்தை விடுங்கள். கண் இருப்பவர்கள் என்ன செய்தார்கள்? தெருவில் ஒரு லோடு எம்-சாண்ட் இறங்கினால் அரை மணி நேரத்தில் மோப்பம் பிடித்து வந்து நிற்கும் கரை வேட்டிகளுக்கு (எந்தக் கரை என்று பிரிக்க வேண்டாம், இதில் சர்வகட்சி ஒற்றுமை) அந்த இரண்டாவது மாடி தெரியாதா? நன்றாகத் தெரிந்தது, சதுர அடிக் கணக்கில் தெரிந்தது. அளந்து பார்த்துச் சொத்து வரி போட்டவருக்குத் தெரிந்தது. தனி மீட்டர் மாட்டிய மின்வாரியத்துக்கும் தெரிந்தது. சட்டத்தில் இல்லாத அந்த மாடிக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரம் வேறு! நாளைக்கு நான் வாங்கினால் பத்திர ஆபீஸில் அந்த மாடியையும் மதிப்பில் சேர்த்து, 7 சதவிகிதம் முத்திரைத் தீர்வை, 2 சதவிகிதம் பதிவுக் கட்டணம் என்று கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்வார்கள். பணம் கட்டும் ஜன்னல் ஒவ்வொன்றிலும் அது மாடி. இடிக்க நோட்டீஸ் வரும் அன்றுதான் அது விதிமீறல். அதுவும் கட்டியவர் பெயருக்கு வராது. அவர் விற்ற காசோடு மகன் வீட்டில் பேரனைக் கொஞ்சிக்கொண்டிருப்பார். அன்றைக்குச் சாவி யார் கையில் இருக்கிறதோ, அவர் வீட்டுக் கதவில்தான் ஒட்டுவார்கள்.

"ஸ்கீம் வரும் சார், பணம் கட்டி ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்" என்று தைரியம் சொன்னார் புரோக்கர். சும்மா சொல்லவில்லை, அவர் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. நகரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவைச் சொருகி, 1999 பிப்ரவரி வரை மீறிக் கட்டியவர்களை வரன்முறைப்படுத்தினார்கள். ஒரே ஒரு தடவைதான் என்றார்கள். 2000-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. பிறகு அந்த ஒரே ஒரு தடவைக்குக் கெடு மேல் கெடு நீட்டினார்கள். 2006-இல் உயர் நீதிமன்றம் நீட்டிப்புகளை ரத்து செய்தது. மறு ஆண்டே விதிமீறல் கட்டடங்களைக் காப்பாற்ற அவசரச் சட்டம் வந்தது. 2012-இல் 113-சி. வருடா வருடம் வரும் வைகுண்ட ஏகாதசி போலத்தான் இதுவும். வாசல் திறக்கும்வரை பக்தர்கள் பொறுமையாகக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியது. இதற்கிடையில் விதிப்படி நாலு பக்கமும் இடம் விட்டுக் கட்டிய அசடு ஒருவர் அதே தெருவில் இருக்கிறார். அவருக்கு ஒரு ஸ்கீமும் கிடையாது. அவர் வீட்டில் வாடகை வரும் ஓர் அறை குறைவு, அவ்வளவுதான்.

2024 டிசம்பர் 17-இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகவே சொன்னது: பணி நிறைவுச் சான்று பார்க்காமல் வங்கி கடன் தரக்கூடாது, மின்சாரம் குடிநீர் இணைப்பு தரக்கூடாது, தப்புச் செய்த அதிகாரி மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும். புரோக்கரிடம் சொன்னேன். "கடைசியில சொன்னீங்களே, அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்டுச் சிரித்தார்.

அப்ரூவல் இருந்தால் மட்டும் நிம்மதியா என்றால், 2014 ஜூன் 28-இல் மௌலிவாக்கத்தில் சரிந்து 61 உயிரைக் கொண்டுபோன 11 மாடிக் கட்டடத்துக்கு அப்ரூவல் இருந்தது. முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தன.

கிளம்பும் முன் பிளானை விரித்து ஒரு மூலையைக் காட்டினேன். அங்கே ஒரு சின்ன வட்டம் போட்டு, மழைநீர் சேகரிப்புக் குழி என்று எழுதியிருந்தது. நேரில் அந்த இடத்தில் ஜெராக்ஸ் கடைக்காரரின் கழிவறை. "குழி எங்கே?" என்றேன்.

"குழி எதுக்கு சார்?" என்றார் வீட்டுக்காரர், சுவரில் இடுப்பளவுக்குப் படிந்திருந்த 2015 வெள்ளத்தின் கறையைத் தடவியபடி. "மழை வந்தா தண்ணி தானா வீட்டுக்குள்ளயே சேர்ந்துடுது."