ஜன்னல் கம்பியைச் சுரண்டும் அண்ணாச்சி

பால்காய்ப்பு வீட்டில் அண்ணாச்சியின் கண்ணில் பூஜை அறையும் படாது, புது டைல்ஸும் படாது. நேரே ஜன்னலுக்குப் போவார். கட்டைவிரல் நகத்தால் கம்பியில் ஒரு சுரண்டு. நகத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். துரு ஒட்டியிருந்தால் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"உப்புக்காத்துலா, அப்படித்தான்வே இருக்கும்."

தூத்துக்குடியில் எந்தக் காற்று உப்பில்லாத காற்று என்று கேட்டுவிடாதீர்கள். திரேஸ்புரம், பீச் ரோடு என்றால் சுரண்டவே மாட்டார். அங்கே அவர் பார்த்தாலே போதும், துரு ஏறிவிடும். முத்தையாபுரத்துத் துருவுக்கு உப்பளம் காரணம். தெர்மல் நகரில் நகம் கறுத்தது: "நிலக்கரி." ஸ்பிக் நகர் குவார்ட்டர்ஸில் மரமும் நிழலுமாக இருந்தது, கம்பியும் பளிச்சென்றிருந்தது. விடுவாரா? "கம்பெனிக்காரன் பெயிண்ட் அடிக்கான். ரிட்டயர் ஆனா சாவிய வாங்கிருவாம்லா?" ஒருவர் எவர்சில்வர் கம்பி போட்டிருந்தார். நகம் வழுக்கியது. அன்று அண்ணாச்சி சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்.

கம்பி இல்லாத இடத்தில் சுவர். பழைய வீடுகளில் பவளப்பாறைக் கல் உண்டு. "கடலையே பேத்துக் கட்டுன வீடு, எப்படிக் காயும்?" இதில் மட்டும் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. வெட்டிய வெட்டில் விலாங்குசல்லித் தீவே முங்கிப்போனது.

அவர் வீடு பிரையண்ட் நகரில். அதிலும் எத்தனாவது தெரு, கிழக்கா மேற்கா மத்தியா என்று ஜாதகம் உண்டு. மழைக்காலத்தில் முத்தம்மாள் காலனிக்காரர்களைக் கண்டால் "கட்டில உசத்திப் போட்டாச்சா?" என்பார்.

2023 டிசம்பர் பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. தண்ணீர் கிழக்கு, மேற்கு, மத்தி ஒன்றும் விசாரிக்கவில்லை.

எனக்கு எரிச்சல் அண்ணாச்சி மேல்கூட இல்லை. தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் பிளாட் போட்டு விற்றவனை எவன் சுரண்டிப் பார்த்தான்? ரோட்டின் மேல் ரோடு போட்டு வாசற்படியைப் புதைக்கிறார்கள். பக்கிள் ஓடையில் குப்பை கொட்டுகிறோம். ஒவ்வோர் ஐப்பசியிலும் மோட்டாரைக் கொண்டுவந்து வைத்துப் போட்டோ பிடித்துக்கொள்கிறார்கள்.

அண்ணாச்சியோ இப்போது சுவரில் தண்ணீர்க் கறையைச் சாண் போட்டு அளக்கிறார். அவர் வீட்டைவிட நம் வீட்டில் அரைச் சாண் கூடுதலாக இருந்தால் அதே பழைய நிம்மதி. மகனுக்கு மட்டும் பாளையங்கோட்டையில் இடம் பார்க்கிறாராம். கேட்டால், "சும்மா பாத்தேன்வே" என்கிறார்.